குதித்தோர் நாற்பத்தாறு

எங்கள் காப்பகத்தில் பசிபிக் கடற்போர்ப் பிரிவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஆனி மாதக் கடைசி வாரத்தில், தலை எண்ணிச் சரிபார்ப்பு நடக்கும். அறுநூற்றுப் பதினொரு புகைப்படங்கள், முப்பத்தெட்டுப் படச்சுருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. கப்பலின் வகை, தீவின் பெயர், காணப்படும் ஆட்களின் எண்ணிக்கை ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அத்தனை பேரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்துக் கையொப்பம் இட வேண்டும். பதினெட்டு ஆண்டுகளாக அந்தக் கையொப்பம் என்னுடையது.

புகைப்படங்களில் பெரிய சிக்கல் வருவதில்லை. படம் 212-இல் பீரங்கியைச் சுற்றி நின்ற ஒன்பது பேரில் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு உட்கார்ந்துவிட்டார். குறிப்புப் பத்தியில் ‘அமர்ந்துள்ளார்’ என்று எழுதினேன். நிற்பதும் அமர்வதும் எண்ணிக்கையைப் பாதிக்காது. படம் 340-இல் கொடி காட்டும் மாலுமி சில நேரம் கீழ்த்தளத்துக்குப் போயிருப்பார். மதியம் வரை காத்திருந்தால் திரும்பிவிடுவார். புகைப்படத்தில் இருப்பவர்கள் ஒரே கணத்தில் குடியிருப்பவர்கள். அதற்குப் பின்னால் நடந்தது அவர்களைத் தொடுவதில்லை.

படச்சுருள் அப்படியன்று. அதை ஓட்டினால் நடந்தது நடக்கும். கப்பல் மூழ்கும், ஆட்கள் குதிப்பார்கள். சுருளைப் பின்னோக்கிச் சுற்றிப் பெட்டியில் வைத்த பிறகு அவர்கள் மேல்தளத்துக்கு வந்து ஆடைகளை உலர்த்துவார்கள். முழுதும் உலர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். இதனால்தான் எங்கள் விதிகளில் ஒன்பதாவது, எந்தச் சுருளையும் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் காரணமின்றி ஓட்டக்கூடாது என்கிறது. பதினான்காவது விதி, எண்ணிக்கை ஒத்துவராத எந்தப் பொருளும் காப்பகத்தின் வாசலைத் தாண்டக்கூடாது என்கிறது. இவ்விரண்டில் பின்னதை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். நான் அதை மனப்பாடமாக அறிந்திருந்தேன். அறிந்திருப்பது போதாது என்பதற்கு நானே சான்று.

சுருள் 17 ஒரு சரக்குக் கப்பலைப் பற்றியது. தென்னைகள் நெருங்கிய ஒரு தீவின் எதிரே, பக்கத்துக் கப்பலிலிருந்து எடுத்தது. நான்கு நிமிடம் பத்து விநாடி. முதல் நாற்பது விநாடிகள் சமையற்காரர் ஒரு பெரிய தட்டில் தம்ளர்களை அடுக்கி எல்லோருக்கும் தேநீர் கொடுக்கிறார். யாரும் வாயில் வைப்பதற்குள் கப்பல் அடிபடுகிறது. பிறகு புகை. பிறகு ஆட்கள் வரிசையாகக் கம்பித் தடுப்பருகே வந்து, கோயில் வாசலில் விடுவதைப் போலத் தங்கள் காலணிகளைக் கழற்றி ஒழுங்காக அடுக்கிவிட்டு, ஒவ்வொருவராகக் கடலில் குதிக்கிறார்கள். கப்பல் சாய்கிறது. படம் முடிகிறது. பெட்டியில் இருக்கும் காலத்தில் அவர்கள் அந்தத் தேநீரை நிதானமாகக் குடித்து முடிப்பார்கள் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

அட்டையில் ஆட்களைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: ‘குதித்தோர் 46.’

அந்த ஆண்டு வைகாசியில் கண்காட்சிக்காரர்கள் மூவர் வந்தார்கள். போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக ஒரு பெரிய கூடத்தை எடுத்திருந்தார்கள். எங்கள் இயக்குநர் கோமதிநாயகம் எழுத்து மூலம் அனுமதி கொடுத்து, திரையிடும் அறையில் அவர்களுக்குச் சுருள் 17-ஐ ஓட்டிக் காட்டச் செய்தார்.

“பிரமாதம் சார். இதைத் தொடர் ஓட்டமா விட்டுடலாம்” என்றார் மூவரில் ஒருவர். “முடிஞ்சதும் மறுபடி முதல்லேர்ந்து. காலைல பத்து மணிலேர்ந்து சாயங்காலம் ஏழு வரைக்கும். தொண்ணூறு நாள்.”

படத்துக்கு ஒலி கிடையாது. திரையிடும் அறைக்கு உண்டு. கருவியின் விளக்கு எரியும் நேரத்தில் நாங்கள் அவர்களுக்குத் தெரிவோம், நாங்கள் பேசுவதும் கேட்கும்.

ஆனிக் கடைசியில் சரிபார்ப்பு வந்தது. கடல்நீர் தெறிக்கும் இடத்தில் தலைகள் தெளிவாகத் தெரியாது என்பதால் காலணிகளை எண்ணுவது வழக்கம். திரையிடும் கருவியை இயக்குபவர் தாவூது பாய். என்னைவிட மூத்தவர், என்னைவிடக் கூர்மையான கண் உடையவர்.

“ஒரு ஜோடி கம்மியா இருக்கு சார்” என்றார்.

மறுபடி ஓட்டினோம். நாற்பத்தைந்து இணைகள். நாற்பத்தாறாவது இணை ஒருவருடைய காலிலேயே இருந்தது. கை இல்லாத பனியன் அணிந்த, கரி படிந்த ஒரு மனிதர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் குதித்த பிறகும் நின்றார். கப்பல் சாய்ந்தது. தண்ணீர் அவருடைய இடுப்புக்கு வந்தபோது படம் முடிந்தது.

நான் இயக்குநரிடம் எழுத்தில் தெரிவித்தேன்.

“கண்காட்சிக்காரங்க வண்டி திங்கக்கிழமை வருது, ஆராவமுதன்” என்றார் அவர். “ஒரு ஆள் நிக்கறார்னா, பேசிக் குதிக்க வைங்க. நீங்க பேசினா யாரும் கேப்பாங்களே.”

அது கேலி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை திரைக்கு முன் நின்று அந்த மனிதரிடம் பேசினேன். கடமை என்பது கண்டோர் மெச்சுவதற்காகச் செய்வதன்று என்றேன். நாற்பத்தைந்து பேர் தம் பங்கைச் செய்துவிட்டு ஒருவர் மட்டும் நின்றால், அது அந்த நாற்பத்தைந்து பேருக்கும் இழைக்கும் அநீதி என்றேன். என் பேச்சு நன்றாகவே அமைந்தது. அவர் உதடுகளை அசைத்து ஏதோ பதில் சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியிலிருந்து பியூலா டீச்சரை வரவழைத்தோம். உதட்டசைவைப் படிப்பதில் கைதேர்ந்தவர், பாளையங்கோட்டைக்காரர். இயக்குநரும் வந்து அமர்ந்தார். டீச்சர் தம் நாற்காலியைத் திரைக்கு இரண்டடி தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தாவூது பாய் சுருளை ஓட்டினார்.

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டேன்.

“நேத்து நீங்க நல்லா பேசினியளாம். கோயில்ல பிரசங்கம் கேட்ட மாதிரி இருந்துச்சாம். தூக்கம் வந்துட்டுங்காரு.”

இயக்குநர் இருமினார்.

“பேரு தொம்மை கொறைரா. தூத்துக்குடி. கப்பல்ல கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுத வேலை.”

“ஏன் குதிக்கவில்லை என்று கேளுங்கள்.”

“நீங்களே கேளுங்க சார். அவருக்குக் காது கேக்குது. நமக்குத்தான் கேக்கல.”

கேட்டேன். தொம்மை கொறைரா வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

“முட்டு வலியாம்” என்றார் டீச்சர்.

கப்பல் சாய்ந்தது. சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினோம். முட்டு வலிக்குக் கடல்நீர் நல்லது என்று இயக்குநர் சொன்னார். காலணி புதியது, நனைந்தால் கெட்டுவிடும் என்று தொம்மை சொன்னார். காலணியைக் கழற்றிவிட்டுத்தானே எல்லோரும் குதிக்கிறார்கள் என்றார் இயக்குநர். கழற்றி வைத்தால் களவு போய்விடும் என்றார் தொம்மை. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றையும் சொன்னார். நேரம் முடிந்துவிட்டது. மறுபடி சுற்றினோம்.

மூன்றாம் முறை டீச்சர் தொம்மையைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தாடிக்காரன், குதிக்கதுக்கு முன்னால பக்கத்துல உள்ளவன்ட்ட இங்கிலீஷ்ல ஒண்ணு சொல்லுதான்.”

“என்ன?”

“இன்னைக்கு இது மூணாவது தரமாம்.”

தாவூது பாய் ஒரு துணியால் தம் கைகளைத் துடைத்துக்கொண்டார். திரையில் தொம்மை எங்களை நோக்கி மீண்டும் பேசினார். இம்முறை முழங்காலைத் தொடவில்லை.

“கணக்கு ஒதைக்குதுன்னா ஒதைக்கட்டும் சார், அத அப்படியே விட்டுருங்கன்னு சொல்லுதாரு. கையெடுத்துக் கும்புடுதாரு பாருங்க.”

அவருடைய கைகள் குவிந்திருந்ததை நானும் பார்த்தேன். தண்ணீர் அந்தக் கைகளுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது படம் முடிந்தது. ஓர் அச்சமுற்ற மனிதர் தம்மை விட்டுவிடும்படி கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். என் மனம் இளகியது. மனம் இளகும்போது அறிவும் உடன் இளகிவிடுகிறதா என்று ஒவ்வொருவரும் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை.

இயக்குநர் தம் அறைக்குப் போனதும் ஒரு வழி சொன்னார். அந்த மனிதர் நிற்கும் பகுதியை வெட்டி எடுத்துவிடுவது, அவர் நன்றாகக் குதித்த பழைய நகல் எங்கேனும் இருந்தால் அதிலிருந்து ஒரு துண்டை ஒட்டிவிடுவது.

நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். ஏரிக்கரையில் ஒரு காவலன் இருந்தான். ஏரியில் கொக்குகள் நூறு என்று அரசனுடைய ஏட்டில் எழுதியிருந்தது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது நூற்றொன்று இருந்தன. ஏடு பொய்யாகிவிடக் கூடாதே என்று காவலன் ஒரு கல்லை எடுத்து எறிந்தான். ஒரு கொக்கு செத்தது. ஏடு சரியாயிற்று. “அந்தக் காவலன் எண்ணைத் திருத்தியிருக்கலாம், ஐயா. எண்ணுக்கு உயிர் இல்லை. அதைத் திருத்தினால் யாருக்கும் வலிக்காது” என்றேன்.

இயக்குநர் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

“அட்டையைத் திருத்த உங்களுக்கு அதிகாரம் இருக்கா?”

“உண்டு. சரிபார்ப்பாளருக்கு உண்டு.”

“அப்போ திருத்திடுங்க. எனக்கு ஏன் இது தோணல?”

அன்று மாலை நான்கு மணிக்கு நாற்பத்தாறை ஒரே கோட்டால் அடித்து, மேலே நாற்பத்தைந்து என்று எழுதி, கையொப்பம் இட்டேன். குறிப்புப் பத்தியில், ‘ஒருவர் குதிக்க விரும்பவில்லை. வற்புறுத்தத் தேவையில்லை’ என்று சேர்த்தேன். பதினெட்டு ஆண்டுகளில் நான் எழுதிய மிகச் சிறந்த குறிப்பு அது என்று எண்ணினேன்.

வாசலில் பியூலா டீச்சர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன்.

“அவரு என்ன சார் கேட்டாரு? கணக்க விடுங்கன்னுதான கேட்டாரு? என்னைய விடுங்கன்னு கேக்கலியே.”

“பொய்யான எண் ஒரு நாள்கூட ஏட்டில் நிற்கக் கூடாது, டீச்சர்.”

“ஒங்க ஏடு சுத்தமா இருக்கணும். அவ்வளவுதான?” என்றார். ஆட்டோ வந்தது.

திங்கட்கிழமை வண்டியும் வந்தது. எண்ணிக்கை ஒத்துவந்ததால் சுருள் 17 வாசலைத் தாண்டிப் போயிற்று.

கண்காட்சியின் முதல் நாள் நான் போயிருந்தேன். அகலமான திரை. ஒரு முறை ஓடி முடிந்ததும் கருவி தானே சுற்றிக்கொண்டு அடுத்ததைத் தொடங்கியது. காலை பத்து முதல் மாலை ஏழு வரை ஒரு நாளைக்கு நூற்று இருபத்தொன்பது முறை. எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பதியர் அவித்த கடலைப் பொட்டலத்தோடு வந்து நின்றார்கள்.

“அடடா, குதிக்கறதைப் பாக்காம விட்டுட்டேனே” என்றார் கணவர்.

“நாலு நிமிஷம் நில்லுங்களேன். திரும்பக் குதிப்பாங்க” என்றார் மனைவி.

நின்றார்கள். திரும்பக் குதித்தார்கள். நாற்பத்தைந்து பேர். தொம்மை கொறைரா தடுப்பருகே நின்று ஒவ்வொருவரையும் பார்த்தார். சிலருடைய தோளைப் பிடித்தார். சட்டை அவர் கையில் சிறிது நேரம் நிற்கும், பிறகு நழுவிவிடும். அட்டையில் நாற்பத்தைந்து என்று நான் எழுதியிருந்தேன். என் கையெழுத்துக்கு அவ்வளவு வலு இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

பதினோராம் நாள் போனபோது அவர் யாரையும் பிடிக்கவில்லை. முப்பதாம் நாள் சமையற்காரருக்குத் தண்ணீர் காய வைக்க நேரம் இல்லை. வெறும் தம்ளர்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார், எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். அறுபதாம் நாள் காலணிகளை அடுக்க யாருக்கும் பொழுதில்லை. குவியலாக எறிந்துவிட்டுக் குதித்தார்கள். ஈர ஆடையோடு அடிபட்டு, ஈர ஆடையோடு மூழ்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுத் தின்பண்டக் கடைக்குப் போனார்கள். தொம்மை என்னைக் கண்டார். முகத்தைக் கடல் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

அன்றுதான் எனக்கு விதி பதினான்கு முழுமையாக விளங்கியது. வைகாசியில் அந்த மூவர் திரையிடும் அறையில் பேசியதை ஒருவர் கப்பலில் நின்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத் தம்மால் முடிந்த ஒன்றே ஒன்றைச் செய்திருக்கிறார். எண்ணிக்கையைக் கெடுத்திருக்கிறார். கெட்ட எண்ணிக்கை ஒரு பூட்டைப் போல அத்தனை பேரையும் பெட்டிக்குள் காத்து நின்றிருக்கிறது. அந்தப் பூட்டை நான் நேர்மையின் பெயரால் திறந்துவிட்டேன். படிக்கின்ற நண்பரே, உமக்குக் கருணை தோன்றும்போது முதலில் கேளும்: எதிரில் இருப்பவர் என்ன கேட்டார்? அவர் கேட்டதை விட்டுவிட்டு உமக்குக் கொடுக்கப் பிடித்ததைக் கொடுத்தால், அது கருணை ஆகாது. நான் அந்தக் கேள்வியை ஏறக்குறைய எட்டாயிரம் முறை தாமதமாகக் கேட்டேன்.

கண்காட்சி முடிவதற்குள், ஓட்டத்தை நிறுத்தக் கோரி மூன்று மனுக்கள் எழுதினேன். எண்ணிக்கை சரியாக இருப்பதால் நடவடிக்கை தேவையில்லை என்று மூன்றுக்கும் பதில் வந்தது. இரண்டு பதில்களில் என்னுடைய கையொப்பமே மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்தது.

சுருள் திரும்பி வந்ததும் பெட்டியை என் கையால் அடுக்கில் வைத்தேன். அந்த ஆண்டு முழுவதும் சனிக்கிழமைகளில் பியூலா டீச்சரின் பள்ளிக்குப் போய், கடைசி வரிசையில் அமர்ந்து, உதட்டசைவைப் படிக்கக் கற்றேன். பிள்ளைகள் என்னைவிட விரைவாகக் கற்றார்கள்.

அடுத்த ஆனி வந்தது. தாவூது பாய் விளக்கை ஏற்றினார். இயக்குநர் வரவில்லை. சமையற்காரரின் தட்டில் தம்ளர்கள் இருந்தன, ஆவி பறந்தது. ஆடைகள் பாதிதான் உலர்ந்திருந்தன. கப்பல் அடிபட்டது. தொம்மை கொறைரா தடுப்பருகே வந்து நேராக என்னைப் பார்த்தார். அவர் பேசியதை நானே படித்தேன்.

“கார்டத் திருத்துனது யாரு?”

“நான்தான்” என்றேன்.

“எதுக்கு?”

“உங்களைக் குதிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது என்பதற்காக.”

எனக்கு வேறு வழி தெரியாததால் கொக்குகளின் கதையை அவருக்கும் சொன்னேன். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கதை முடிந்தபோது இருபத்து மூன்று பேர் போயிருந்தார்கள்.

“ஏரியில எத்தன கொக்குன்னு சரியா எழுதி வச்சா அது யாருக்கு சார் தோது?” என்று கேட்டார். “வேட்டைக்காரனுக்குத்தான.”

என் கண் மேசையில் இருந்த அட்டைக்குப் போனது.

“இப்ப கார்டுல எவ்வளவு?”

“நாற்பத்தைந்து.”

தொம்மை கொறைரா குனிந்தார். முட்டு வலி உண்மைதான் போலும், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். காலணிகளைக் கழற்றினார். வரிசையின் கடைசியில், முன்பக்கம் கடலை நோக்கி இருக்கும்படி, சேர்த்து வைத்தார். பிறகு குதித்தார்.

“நாப்பத்தாறு” என்றார் தாவூது பாய்.

‘ஒத்துவரவில்லை’ என்று எழுதினேன். வேறெதுவும் எழுதவில்லை.

அந்தச் சொல் மேசையில் ஒரு மணி நேரம் இருந்தது. கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறக்கப்படும் ஒரு பெரிய விடுதி, தன் உணவுக்கூடத்தின் சுவரில் நாள் முழுதும் ஓடுவதற்காகச் சுருள் 17-ஐக் கேட்டிருந்தது. கால வரையறை இல்லை. விருந்தினர்கள் கடலைப் பார்த்துக்கொண்டே உண்ண விரும்புகிறார்கள் என்று கடிதத்தில் இருந்தது. இயக்குநர் அட்டையை வாங்கி, நாற்பத்தைந்தை அடித்து, நாற்பத்தாறு என்று தம் கையாலேயே எழுதினார்.

“போன வருஷம் நீங்க காட்டின வழிதான்” என்றார். “எண்ணைத் திருத்தினா யாருக்கும் வலிக்காது. நல்ல கதை அது. வீட்ல கூடச் சொன்னேன்.”

வெள்ளிக்கிழமை, வெளியே அனுப்புவதற்கு முந்தைய கடைசிச் சரிபார்ப்பு. திங்கட்கிழமை வண்டி. ஒருவர் குறைந்தால் ஒத்துவராது. ஆனால் தொம்மை தம் காலணியைக் கழற்றிவிட்டார், ஒருமுறை மறுத்துப் பிறகு கழற்றியவர் மறுபடி மறுத்ததாக எங்கள் பதிவுகளில் இல்லை. மற்றவர்களிடம் நில்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அவர்களுடைய எண்ணை எழுதியவன் நான். குறைப்பதற்கு வழி இல்லாவிட்டால் கூட்டுவதற்கு வழி உண்டு. பிறருடைய எண்ணில் கை வைப்பதைவிடத் தன்னுடைய எண்ணில் கை வைப்பது எளிது. இதை நான் அறமாகச் சொல்லவில்லை. செய்து பார்த்தபோது எளிதாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, வெளிச்செல்வோர் பதிவேட்டில் என் பெயரை எழுதினேன். செல்லும் இடம்: சுருள் 17. நோக்கம்: எண்ணிக்கை. தாவூது பாய் எட்டிப் பார்த்தார்.

“திரும்பி வர்ற நேரம் எழுதல சார்.”

“இருக்கட்டும் பாய்.”

“கண்ணாடியக் கழட்டி வச்சிட்டுப் போங்க. உப்புத் தண்ணி, கெட்டுப் போயிடும்.”

கழற்றி அவரிடம் கொடுத்தேன். தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பியூலா டீச்சர் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். சரிபார்ப்பாளர் இல்லாதபோது எண்ணுவதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி இருக்கலாம் என்று விதி இருக்கிறது. பேனாவை அவரிடம் கொடுத்தேன்.

“நாப்பத்தேழுன்னு எண்ணுவேன்” என்றார். “ஒத்துவரலைன்னு எழுதுவேன். அவரு அதையும் திருத்துவாரே சார்?”

“திருத்துவார்.”

“அப்புறம்?”

நான் குனிந்து என் செருப்பின் வாரை இறுக்கினேன். டீச்சர் நாற்காலியைத் திரைக்கு இரண்டடி தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். தம் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “போயிட்டு வாங்க” என்றார்.

திரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழ அகலம் உண்டு. அந்த வழியாகப் போனேன். மேல்தளம் நான் எண்ணியிருந்ததைவிடச் சிறியது. கரி வாசனையும் ஈரத் துணி வாசனையும் அடித்தன. தீவு மிக அருகில் இருந்தது. தென்னைகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தது, நான் எண்ணவில்லை. தாடிக்காரர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். தொம்மை கொறைரா வெறுங்காலோடு ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டியளா?” என்றார். அவருடைய குரல் நான் நினைத்திருந்ததைவிட மெல்லியதாக இருந்தது. “கால்ல என்ன, செருப்பா? ஷூ இல்லியா?”

“இல்லை.”

“பரவால்ல. ஜோடி ஜோடிதான்.”

சமையற்காரர் தட்டோடு வந்தார். தேநீர் சூடாக இருந்தது. ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு உரிய தம்ளரும் தட்டில் இருந்தது. அதை நேற்றோ முந்தாநாளோ சேர்த்தது போலத் தெரியவில்லை. மற்றவற்றைப் போலவே அதன் விளிம்பும் நசுங்கியிருந்தது. எடுத்துக்கொண்டேன். நாற்பது விநாடிகளில் எத்தனை போயின என்று தெரியவில்லை.

“குடிங்க சார்” என்றார் தொம்மை. “யோசிக்க நேரமில்ல.”

நான் தம்ளரை உயர்த்தினேன். எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகும் தட்டில் இன்னும் ஒன்று மீதம் இருந்தது. சமையற்காரர் அதைக் கீழே வைத்து, ஆறிவிடாமல் இருக்க, ஒரு சிறு மூடியால் மூடினார்.